வேலை பறிபோன பின் மனத்தைப் பார்த்துக்கொள்வது: காரைக்குடிப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தியதோடு மாணவர் ஆலோசனைப் பொறுப்பையும் பல ஆண்டுகள் பார்த்து வந்தேன். சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் மென்பொருள் வேலைக்குப் போன பழைய மாணவர்கள், 2022 இறுதியில் இருந்து, வேலை போன செய்தியோடு என்னிடம் பேசத் தொடங்கினார்கள். பிறகு அவர்களுடைய பெற்றோரும் துணைவரும் வந்தார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை எழுதி, என் பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய நிலை எது என்பதற்குத் தனியாக ஒரு கேள்வி உள்ளது. மனம் மிகவும் தளர்ந்திருப்பவர்கள் அதை முதலில் படிக்க வேண்டுகிறேன்.

"வேலைதானே போச்சு, உசுரா போச்சு? அப்புறம் ஏன் எனக்கு வீட்டுல ஒருத்தர் தவறிப்போன மாதிரி இருக்கு?"

போனது சம்பளம் மட்டும் இல்லை என்பதால்தான். 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற சிற்றூரின் துணி ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்து நின்றபோது, மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் செய்சல் ஆகியோர் அந்த மக்களோடு பழகி ஆராய்ந்தார்கள். ஊதியம் தவிர வேலை நமக்கு வேறு ஐந்தைத் தருகிறது என்று யஹோடா பின்னாளில் வகுத்துச் சொன்னார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதப் பழக்கம், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்து முடிக்கும் நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், சும்மா இருக்கவிடாத கட்டாயம்.

மென்பொருள் துறையில் இந்த ஐந்தும் பெரும்பாலும் ஒரே பிற்பகலில் அறுந்துபோகின்றன. கூட்டத்துக்கு அழைக்கிறார்கள், சில நிமிடங்கள் பேசுகிறார்கள், மாலைக்குள் மின்னஞ்சல் திறக்காமல் போகிறது. ஆறு ஆண்டுகள் தினமும் பேசிய குழுவினரிடம் விடைபெறக்கூட நேரம் கிடைப்பதில்லை. இதற்குத் துக்கம் வருவது இயல்பு. "இதற்கெல்லாமா அழுவது" என்று தன்னையே கடிந்துகொள்பவர்கள் துக்கத்தோடு வெட்கத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள், அந்த இரண்டாவது சுமையை இறக்கி வைக்க முடியும் என்பதைத்தான் நான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

"என்னைவிட சுமாரா வேலை பாத்தவன் எல்லாம் இருக்கான். என்னைய ஏன் எடுத்தாக? நான் என்ன தப்பு பண்ணேன்?"

பெருந்தொற்றுக் காலத்தில், 2020, 2021 ஆண்டுகளில், இணையத் தேவை பெருகியபோது நிறுவனங்கள் அளவுக்கு மீறி ஆள் எடுத்தன. 2022 மார்ச்சில் இருந்து அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியதும் மலிவாகக் கிடைத்த பணம் நின்றது. முதலீட்டாளர்கள் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும், மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. 2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் தன் ஊழியரில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது சுமார் 12,000 பேரை, பெரும்பாலும் நடுநிலையிலும் மேல்நிலையிலும் இருப்பவர்களை, விடுவிக்கப் போவதாகச் சொன்னது.

இத்தனை பெரிய எண்ணிக்கையை ஒவ்வொருவரின் திறமையாகப் பார்த்து முடிவு செய்ய இயலாது. எந்தப் பிரிவு மூடப்படுகிறது, எந்த ப்ராஜெக்டின் வாடிக்கையாளர் விலகினார், யார் அன்றைக்கு பெஞ்ச்சில், அதாவது ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல், இருந்தார், யாருடைய சம்பளம் அந்தப் படிநிலையில் அதிகம் என்ற கணக்குகளே பட்டியலைத் தீர்மானிக்கின்றன. உங்கள் வேலையில் திருத்திக்கொள்ள வேண்டியது எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கலாம். ஆனால் அதை ஆராய்வதற்கு முதல் மாதம் உகந்த நேரம் இல்லை, அப்போது மனம் நீதிபதியாக இல்லாமல் எதிர்த்தரப்பு வழக்கறிஞராகவே வாதாடும். சில மாதங்கள் கழித்து, உங்களோடு வேலை பார்த்த நம்பிக்கையான மூத்தவர் ஒருவரிடம் நேராகக் கேளுங்கள்.

"நீங்களா ராஜினாமா எழுதிக் குடுத்தா நல்ல சர்டிபிகேட் தர்றோம்னாக. நானும் எழுதிக் குடுத்துட்டேன். இப்ப நானே என்னைய வெளியேத்திக்கிட்ட மாதிரி இருக்கு."

மூடிய அறையில், முன்னறிவிப்பின்றி, ஒரு மணி நேரக் கெடுவில் எழுதிக் கொடுத்ததை உங்கள் துணிவுக்கான தேர்வாகக் கருத வேண்டாம். எதிரில் இருந்தவர்கள் அந்தச் சந்திப்புக்கு ஆயத்தமாக வந்தவர்கள். நீங்கள் அப்போதுதான் செய்தியையே கேட்டீர்கள். அனுபவச் சான்றிதழும் இறுதிக் கணக்கும் அவர்கள் கையில் இருந்த நிலையில் பெரும்பாலோர் கையெழுத்துதான் போட்டிருப்பார்கள்.

நடந்ததை நாள், நேரம், பேசியவர்கள், பேசிய சொற்கள் என்று நினைவில் உள்ளவரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். சட்ட ஆலோசனை கேட்க நினைத்தால் அது உதவும். கேட்காவிட்டாலும், இரவெல்லாம் மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓடும் காட்சிக்குத் தாளில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

"இது எத்தனை நாள்ல சரியாகும், சார்?"

குறிப்பிட்ட நாள் சொல்ல இயலாது. மறுப்பு, கோபம், சோர்வு, ஏற்பு என்று படிப்படியாக வந்து ஒரு நாள் முடிந்துவிடும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். துக்கம் அப்படி வரிசையில் நடப்பதில்லை. இரண்டு வாரம் நன்றாக இருந்தவர், ஒரு நேர்முகத் தேர்வில் கடைசிச் சுற்றுவரை போய்த் திரும்பியதும் முதல் நாள் நிலைக்கே போய்விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது பின்னடைவுதான், ஆனால் முதல் தடவை எடுத்துக்கொண்ட அளவு காலத்தை அது பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை.

"நேரம் நிறைய இருக்கு, ஆனா ஒண்ணுமே செய்ய முடியல. பகல்ல தூக்கம், ராத்திரி முழிப்பு. சோம்பேறி ஆயிட்டேனா?"

மேலே சொன்ன மரியந்தாலில் ஆராய்ச்சியாளர்கள் கண்ட ஒன்று உங்களுக்கு ஆறுதல் தரலாம். வேலை போனபின் ஊராரிடம் நேரம் பெருகியது, ஆனால் நூலகத்தில் இருந்து எடுத்துப் படித்த புத்தகங்களின் எண்ணிக்கை குறைந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகம்கூடத் தளர்ந்திருந்ததை அவர்கள் அளந்து பார்த்தார்கள். வீட்டுவேலை தொடர்ந்து இருந்த பெண்கள் அவ்வளவு தளரவில்லை. ஒழுங்கு இல்லாத நேரம் கையில் நிற்பதில்லை என்பதுதான் இதற்குக் காரணம், சோம்பல் இல்லை.

ஆகவே வெளியில் இருந்து வந்துகொண்டிருந்த ஒழுங்கை இனி நீங்களே கட்ட வேண்டியிருக்கிறது. எழும் நேரத்தை மட்டும் முதலில் நிலைப்படுத்துங்கள். தூங்கும் நேரம் தானாகப் பின்தொடரும். வேலை தேடுவதற்கு முற்பகலில் மூன்று மணி நேரம் வைத்து, அதோடு லேப்டாப்பை மூடிவிடுங்கள், ஏனெனில் நாள் முழுவதும் தேடுகிறவர் நாள் முழுவதும் நிராகரிப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாளில் ஒரு முறையாவது வீட்டை விட்டு ஒரு காரணத்தோடு வெளியே போங்கள்: கிளை நூலகம், காலை நடை, கோயில், சந்தை எதுவாயினும் சரி. ஊருக்குத் திரும்பி வந்திருப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பில் இருந்து பின்கட்டுவரை நடக்கவே இடம் இருக்கும்போதும், மாடியில் ஓர் அறையைத் தாழிட்டுக்கொண்டு சாப்பாட்டுக்கு மட்டும் இறங்கி வரும் பிள்ளைகளைப் பற்றித்தான் தாய்மார்கள் என்னிடம் அதிகம் கவலைப்படுகிறார்கள். வளவில், அதாவது நடு முற்றத்தில், உட்கார்ந்து வேலை தேடுங்கள். நாலு பேர் குறுக்கே நடந்தால் நடக்கட்டும்.

"வீட்டுல எப்பச் சொல்றது? அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) பைபாஸ் பண்ணியிருக்கு. வேற வேலை கிடைச்சதும் சொல்லிக்கலாம்னு இருக்கேன்."

இந்தத் தொகுப்பில் நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்பும் பதில் இது. மறைக்காதீர்கள். என்னிடம் வந்தவர்களில் மிகவும் நொந்து போயிருந்தவர்கள் வேலை போனதால் அப்படி ஆனவர்கள் இல்லை. வேலை போனதை மறைத்ததால் அப்படி ஆனவர்கள். காலையில் வழக்கம்போலச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, பூங்காவிலும் பேரங்காடியிலும் பொழுதைக் கழித்து மாலையில் திரும்புவது, தொலைபேசியில் "இன்னிக்கு மீட்டிங் ஜாஸ்தி" என்று ஆத்தாவிடம் சொல்வது, பண்டிகைக்கு ஊருக்கு வராமல் இருக்கக் காரணம் தேடுவது என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொய்யைப் பேண வேண்டியிருக்கிறது. உங்களுக்கு ஆறுதல் சொல்லக்கூடியவர்களின் எதிரில் எல்லாம் நடிக்க வேண்டியிருப்பதால், ஆறுதல் வரும் வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள்.

கணவனோ மனைவியோ இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பெற்றோரிடம், உங்கள் முதல் அதிர்ச்சி அடங்கியபின், ஒரு வாரத்துக்குள் சொல்வது நல்லது. இதய நோய் உள்ளவரிடம் இரவில் சொல்ல வேண்டாம், தொலைபேசியில் தனியாக இருக்கும்போதும் வேண்டாம். பகலில், சாப்பிட்டு முடித்தபின், ஆத்தாவோ அண்ணனோ பக்கத்தில் இருக்கும்போது நேரில் சொல்லுங்கள். பீடிகை நீண்டால் கேட்பவர் அதற்குள் இதைவிட மோசமானதைக் கற்பனை செய்துவிடுவார். "அப்பச்சி, கம்பெனியில ஆள் குறைச்சிருக்காக, அதுல என் பேரும் இருக்கு. இத்தனை மாசத்துக்குக் கையில பணம் இருக்கு. வேற வேலைக்கு எழுதிப் போட ஆரம்பிச்சிட்டேன். உங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னு சொல்றேன்." இந்த அளவு போதும்.

அவர் முதலில் கோபப்படலாம், உங்களைக் குறை சொல்லலாம், ஒன்றும் பேசாமல் எழுந்து போகலாம். அது அவருடைய பயம். மறுநாள் காலையில் அவரே வந்து "எவ்வளவு வேணும்" என்று கேட்ட கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். மகனின் வேலை போனதைவிட, அதைப் பக்கத்து வீட்டுக்காரர் வாயிலாகத் தெரிந்துகொண்டதுதான் பெற்றோர் பலருக்கு ஆறாத வருத்தமாக இருக்கிறது.

"அடுத்த மாசம் பங்காளி வீட்டுக் கல்யாணம். எல்லாரும் 'இப்ப எங்க இருக்கே, எந்தக் கம்பெனி'ன்னு கேப்பாக. போகாம இருந்துறலாமா?"

போங்கள். முழு நாளும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முகூர்த்தத்துக்குப் போய், சாப்பிட்டு, கிளம்பிவிடலாம். கேட்கிறவர்களில் பெரும்பாலோர் ஆராயக் கேட்பதில்லை. நம் பக்கத்தில் பார்த்ததும் கேட்கும் நலம் விசாரிப்பு அது. அதற்கு ஒரே ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்: "போன மாசம் கம்பெனியில ஆள் குறைச்சாக, இப்ப அடுத்தது பாத்துக்கிட்டிருக்கேன்." குரல் தடுமாறாமல் வரும்வரை வீட்டில் இரண்டு மூன்று முறை சொல்லிப் பாருங்கள். சொன்னதும் "ஆச்சி நல்லா இருக்காகளா" என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் பேச்சு நகர்ந்துவிடும்.

போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள் வழியாகவே அதிகம் கிடைக்கிறது என்பதை மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973லேயே எடுத்துக்காட்டினார். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். தூரத்து உறவினருக்கு நாம் அறியாத இடங்கள் தெரியும். நகரத்தார் கோயில் விழாவும் கல்யாணப் பந்தியும் நமக்கு அப்படிப்பட்டவர்களைச் சேர்த்து வைக்கும் இடங்கள். ஆனால் நடந்ததை மறைத்தபடி போகிறவருக்கு அந்தப் பயன் கிடைக்காது.

"பர்மாவுல எல்லாத்தையும் விட்டுட்டு நடந்தே வந்தவுக எங்க ஐயாவோட அப்பச்சி. ஒரு வேலை போனதுக்கு இப்படியா இடிஞ்சு உக்காந்திருப்பேன்னு வீட்டுல சொல்றாக. அவுக சொல்றது சரிதானே?"

சொல்கிறவர்கள் உங்களைத் தேற்றவே அதைச் சொல்கிறார்கள், ஆனால் வரலாற்றில் ஒரு பகுதியை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள். பர்மாவில் வட்டிக்கடை நடத்திய நம் பக்கத்துச் செட்டியார்களுக்கு ஏற்பட்ட இழப்பு ஒரே நாளில் வந்ததும் இல்லை. 1929க்குப் பின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் 1930களின் இறுதிக்குள் செட்டியார் கடைகளின் கைக்கு வந்து சேர்ந்தது. பணமாகத் திரும்ப வேண்டிய மூலதனம் நிலமாக முடங்கிப்போயிற்று. அதை இழந்த பர்மிய உழவருக்கு அது அதைவிடப் பெருந்துயரம் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது குண்டு விழுந்தது, 1942இல் லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து வந்தார்கள், விடுதலை பெற்ற பர்மா 1948லேயே நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படிப்படியாகப் போன செல்வம் அது.

அந்தத் தலைமுறை கலங்கவில்லை என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. அவர்கள் பேசவில்லை என்பதே நமக்குத் தெரிந்தது, பேசாதவர் வருந்தவில்லை என்று ஆகாது. அவர்களுக்கு இருந்த ஒரு துணை உங்களுக்கு இல்லை என்பதையும் பாருங்கள்: தெருவே ஒன்றாக இழந்தது. யாரும் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீங்களோ உங்கள் தெருவில் தனியாக இழந்திருக்கிறீர்கள். மேலும், நல்ல காலத்திலும் கடைகளில் வேலைக்குப் போனவர்கள் மூன்று ஆண்டுக் கணக்கில் போய், கணக்கை முடித்து ஊர் திரும்பி, அடுத்த பயணம் வரை வீட்டில் இருப்பது நம் பக்கத்தில் வழக்கமாகவே இருந்தது. முன்னோரை எடுத்துக்காட்டுவதானால் இந்த வழக்கத்தையும் சேர்த்து எடுத்துக்காட்டும்படி வீட்டாரிடம் பணிவோடு சொல்லுங்கள்.

"கையில எட்டு மாசத்துக்குப் பணம் இருக்கு. ஆனாலும் ராத்திரி மூணு மணிக்கு இஎம்ஐ நினைப்புல முழிச்சுக்கிறேன்."

மனத்தில் ஓடும் கணக்குக்கு முடிவு கிடையாது, தாளில் எழுதிய கணக்குக்கு உண்டு. நம் வீடுகளில் ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கைப் போட்டுப் பழகிய பெரியவர் யாராவது இருந்தால் அவரோடு உட்கார்ந்து, கையிருப்பு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, மாதச் செலவு என்று முழுவதையும் எழுதுங்கள். நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும் என்பதால் குடும்பத்துக்குத் தனிக் காப்பீடு எடுப்பதை முதல் செலவாக வையுங்கள். இரவு மூன்று மணிக்கு விழித்தால் அந்தத் தாளைப் பார்க்கலாம். புதிய முடிவு எதுவும் அந்த நேரத்தில் எடுக்க வேண்டாம்.

"எனக்கு வேலை போச்சுன்னதும் மாமியார் வீட்டுல 'நல்லதாப் போச்சு, இனிமே பிள்ளைய பாத்துக்கலாம்'னு சொல்லிட்டாக. நான் வருத்தப்படவே எனக்கு உரிமை இல்லையா?"

உண்டு, முழுமையாக உண்டு. முதல் பதிலில் சொன்ன ஐந்தும் பெண்ணுக்கும் அப்படியே போகின்றன. அதற்கு மேல், போனதை இழப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ளாததால் துக்கம் கேட்க ஆளில்லாத துக்கமாகிறது. என்னிடம் வந்த பெண்கள் சிலர், வேலை போனதைவிட அந்த "நல்லதாப் போச்சு" என்ற சொல்லே அதிகம் சுட்டது என்றார்கள்.

முதலில் கணவரிடம் பேசுங்கள்: "நான் வேலைக்குத் திரும்பப் போறேன், இது இடைவேளைதான்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், அதை அவர் தம் வீட்டாரிடம் சொல்லட்டும். வேலை தேடும் முற்பகல் மூன்று மணி நேரத்துக்குக் குழந்தையை யார் பார்ப்பது என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள். அந்த நேரம் வீட்டில் ஒப்புக்கொள்ளப்படாவிட்டால் மாதங்கள் ஓசையின்றிக் கடந்துவிடும்.

"என் வீட்டுக்காரருக்கு வேலை போய் ரெண்டு மாசமாச்சு. வாயே திறக்க மாட்டேங்கிறாக. கேட்டா எரிஞ்சு விழறாக. நான் என்ன செய்யணும்?"

"இன்னிக்கு ஏதாவது வந்துச்சா" என்ற கேள்வியை தினமும் கேட்காதீர்கள். வந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், பணமும் வேலையும் பற்றிப் பேசுவதற்கென்று இருவரும் ஒதுக்கிக்கொண்டு மற்ற நாட்களில் அந்தப் பேச்சை எடுக்காமல் இருங்கள். அறிவுரை சொல்வதைவிட வீட்டில் அவருக்கென்று ஒரு பொறுப்பை உண்மையாகவே ஒப்படைப்பது பயன் தரும்: பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போவது, மாமாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது போன்றவை. உங்கள் பயத்தையும் அவரிடம் மறைக்க வேண்டாம். "எனக்கும் பயமாத்தான் இருக்கு, ஆனா உங்க மேல கோபம் இல்லை" என்ற சொல்லுக்காகப் பல ஆண்கள் காத்திருக்கிறார்கள்.

எரிச்சல் அடியாகவோ குடியாகவோ மாறினால் பொறுத்துப் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டாரிடம் உடனே சொல்லுங்கள்.

"நிச்சயம் ஆயிருச்சு, தையில கல்யாணம். பொண்ணு வீட்டுல சொல்லணுமா? சொன்னா நின்னு போயிருமே."

சொல்ல வேண்டும், அதுவும் நாள் கடத்தாமல். பெற்றோரிடம் சொல்வது குறித்து மேலே எழுதியது இங்கே இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது, ஏனெனில் இது இன்னொருவருடைய வாழ்க்கை முடிவு. முதலில் பெண்ணிடம் நீங்களே பேசுங்கள். பிறகு பெரியவர்கள் பெரியவர்களிடம் பேசட்டும். நின்றுபோகவும் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. அப்படி நின்றால் அந்த வலி பெரிது. ஆனால் தாலி கட்டியபின் தெரியவந்து, வேலை கிடைத்தபின்னும் நம்பிக்கை திரும்பாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

"அமெரிக்காவுல எச்-1பி வேலை விசாவுல இருக்கேன். அறுபது நாள் கெடு. துக்கப்பட எனக்கு நேரமே இல்லை."

வேலை முடிந்த நாளில் இருந்து அதிகபட்சம் 60 நாள், அல்லது அனுமதிக்காலம் அதற்கு முன்பே முடிந்தால் அதுவரை, என்பது விதி. அதற்குள் புதிய நிறுவனம் மனுச் செய்ய வேண்டும், அல்லது நிலையை மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரை முதல் வாரத்திலேயே பாருங்கள். என்னென்ன வழிகள் உண்டு என்று தெரிவதே பதற்றத்தைப் பாதியாக்கும். ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் என்ன செய்வோம் என்பதையும் துணைவரோடு உட்கார்ந்து எழுதி வையுங்கள். அந்தத் தாள் கையில் இருக்கும்போது நேர்முகத் தேர்வில் குரல் நடுங்குவதில்லை என்று இருவர் மூவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். துக்கம் பின்னால் வரும், வேலை கிடைத்தபிறகும் வரக்கூடும். அப்போது வியப்படைய வேண்டாம்.

"மனசுல உள்ளதை எழுதுங்கன்னு சொல்றாக. எழுதினா வேலை கிடைச்சிருமா?"

நேரடியாக இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கணினி நிறுவனத்தில் வேலையிழந்த பணியாளர்களில் ஒரு பிரிவினரைத் தொடர்ந்து ஐந்து நாள், நாளுக்கு இருபது நிமிடம், வேலை போனதைப் பற்றிய தம் ஆழமான எண்ணங்களை எழுதச் செய்தார்கள். அன்றாடத் திட்டங்களை எழுதியவர்களையும் எதுவும் எழுதாதவர்களையும்விட இவர்களுக்கு விரைவில் வேலை கிடைத்தது. இவர்கள் அதிக இடங்களுக்கு விண்ணப்பித்ததால் அப்படி நடக்கவில்லை. கோபத்தை எழுதித் தீர்த்தவர்கள் நேர்முகத் தேர்வில் பழைய முதலாளியைப் பழிக்காமல் பேசினார்கள் என்பது ஆய்வாளர்கள் கருதிய விளக்கம். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, பிழையும் பார்க்க வேண்டாம். ராஜினாமா பற்றிய பதிலில் சொன்ன குறிப்பு வேறு. அது நிகழ்ச்சிகளின் பதிவு.

"ஏழரைச் சனின்னு ஜோசியர் சொல்லிட்டார். ரெண்டு வருஷத்துக்கு எது செஞ்சாலும் விளங்காதாம்."

பிள்ளையார்பட்டிக்கோ வைரவன்பட்டிக்கோ போய்க் கும்பிட்டு வருவது மனத்துக்குத் தெம்பு தருகிறது என்றால் தாராளமாகப் போங்கள், நானும் போகிறவர்தான். ஆனால் "எது செய்தாலும் விளங்காது" என்ற சொல்லைக் கேட்டு விண்ணப்பம் போடுவதையே நிறுத்தியவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. இரண்டாம் பதிலில் சொன்னபடி, ஒரே மாதத்தில் பல்லாயிரம் பேருக்கு வேலை போயிருக்கிறது. அவர்கள் அனைவருக்கும் ஒரே ராசி இல்லை.

"ஊர்ல பெரிய வீடு பூட்டியே கிடக்கு. வந்த பணத்தைப் போட்டு ஹோம்ஸ்டே ஆரம்பிச்சிறலாம்னு தோணுது. இனிமே யாருக்கும் கீழே வேலை பாக்க வேண்டாம்."

எண்ணம் நல்லது, கானாடுகாத்தானிலும் பிற ஊர்களிலும் பழைய வீடுகள் விருந்தினர் விடுதிகளாகச் சிறப்பாக நடக்கின்றன. ஆனால் உங்கள் கடைசி வாக்கியம் என்னைத் தயங்க வைக்கிறது. "இனிமேல் யாருக்கும் கீழே வேண்டாம்" என்பது காயம்பட்ட மனம் பேசுவது. விடுதி நடத்துகிறவர் வருகிற ஒவ்வொரு விருந்தினருக்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

நடைமுறையும் எளிதில்லை. வீடு பல பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கும், சிலர் வெளிநாட்டில் இருப்பார்கள், எல்லாரும் எழுத்தில் இசைய வேண்டும். ஓட்டுக்கூரை, தேக்கு உத்தரம், சுண்ணாம்புப் பூச்சு ஆகியவற்றைப் பழுது பார்க்கத் தொடங்கினால் செலவு எங்கே நிற்கும் என்று கொத்தனாராலும் சொல்ல முடியாது. வெயில் மாதங்களில் வருவோரும் குறைவு. ஆகவே வேலை போன முதல் ஆறு மாதத்தில் அந்தப் பணத்தைத் தொடாமல், ஏற்கெனவே நடத்துகிறவர் ஒருவரிடம் ஒரு பருவம் கூட இருந்து வேலையைப் பாருங்கள். பர்மாவுக்குக் கடை நடத்தப் போனவர்களும் பெட்டியடியில், அதாவது கடையின் அடிநிலை வேலையில், பழகிய பிறகுதான் மேலாள் என்ற பொறுப்பாளர் ஆனார்கள்.

"எப்ப டாக்டர்கிட்ட போகணும்? 'இருந்து என்ன பிரயோசனம்'னு எங்க பையன் சில சமயம் சொல்றான்."

மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதி, ஏறத்தாழ எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தூக்கமும் பசியும் கெட்டிருப்பது, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் விடாமல் வருவது, குடி அதிகரிப்பது ஆகியவையும் அடையாளங்கள். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்டத் தலைநகரில் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

நீங்கள் குறிப்பிட்ட சொல்லை ஒருவர் சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அழைத்துப் போங்கள். "சாகணும்னு தோணுதா" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற நிம்மதியே வரும். தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, பெரியவர்களின் மாத்திரை ஆகியவற்றைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். "ஊருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாக" என்று மதுரைக்கோ திருச்சிக்கோ போய்ப் பார்க்க விரும்பினால் அப்படியே போங்கள், போவதுதான் முக்கியம்.

"புது வேலை கிடைச்சிருச்சு. சம்பளம் கொஞ்சம் குறைவு. ஆனா எச்ஆர் கிட்ட இருந்து மெயில் வந்தாலே நெஞ்சு படபடங்குது. இன்னும் நான் சரியாகலையா?"

ஒரு முறை முன்னறிவிப்பின்றி நடந்துவிட்டதால், உடல் அதை மறுபடி எதிர்பார்த்துக் காவல் இருக்கிறது. புதிய இடத்தில் முதல் சில மாதங்களுக்கு இது பலருக்கும் இருக்கிறது. சம்பள நாட்கள் வந்து போகப் போகத் தணிகிறது. ஓராண்டு கடந்தும் தூக்கத்தைக் கெடுத்தால் முந்தைய பதிலில் சொன்ன இடங்களில் பேசலாம்.

குறைந்த சம்பளத்தை வீட்டில் மறைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்; புதிய தொகைக்கு ஏற்ப ஐந்தொகையை மீண்டும் ஒரு முறை எழுதிவிடுங்கள். பழைய குழுவில் இன்னும் வேலை கிடைக்காமல் இருப்பவர்கள் இருந்தால் அவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். உங்களுக்குக் கிடைத்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். சொல்லிவிட்டு, அங்கே ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டுச் சொல்வதாகவும் சொல்லுங்கள், கேட்டும் சொல்லுங்கள்.